கழுவிக்கொண்டு போன கால்கள்

பெரிய வியாழன் பிற்பகல். வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, பீர்க்கங்கூட்டால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு வாளி வெந்நீர், சந்தன சோப்பு, நகவெட்டி. பங்குனியிலேயே வெயில் சித்திரை போல அடித்த வருஷம் அது. வாளித் தண்ணீர் ஆறவே இல்லை.

கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க வந்த என் மருமகள் மீனா நின்று பார்த்தாள்.

"என்ன மாமா, பொண்ணு பாக்கவா போறீங்க?"

"சாயங்காலம் பூசைல சாமியார் பாதம் கழுவுவாரும்மா. பன்னெண்டு பேர்ல நானும் ஒருத்தன்."

"அது தெரியும். வருஷா வருஷம் நடக்குறதுதானே. நான் என்ன கேக்குறேன்னா, அவரு கழுவத்தானே போறாரு? நீங்க எதுக்கு இப்பவே கழுவுறீங்க?"

"அழுக்குக் காலை எப்படிம்மா நீட்டுறது?"

"வெளக்கி வச்ச குண்டானை மறுபடி வெளக்கச் சொன்னா நான் மூஞ்சிலேயே எறிவேன். ஒங்க சாமியாரு ரொம்பப் பொறுமைசாலிதான்."

துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடியே போய்விட்டாள். கேலிக்குச் சொன்னதுதான். அடுப்படிக்குள் போனதும் அவளே அதை மறந்திருப்பாள். எனக்கு மட்டும் கை ஓடவில்லை. நுரை காயும் வரை காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சென்ற வாரங்களில் என் பள்ளிக்கூடக் காலத்தைப் பற்றி எழுதியபோது, தலைமையாசிரியராக நான் செய்த நல்லவை சிலவற்றைச் சொல்லி வாசகர்களிடம் பாராட்டு வாங்கினேன். இந்த வாரம் வேறு கணக்கு. ஆனாலும் எழுத உட்கார்ந்தபோது வருத்தத்தை விட நன்றியே பெரிதாக இருந்தது. அது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

இராயப்பர் நாற்காலி

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இயேசு கைது செய்யப்படுவதற்கு முந்திய மாலை, இராவுணவின் நடுவே எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தம் சீடர்களின் காலைக் கழுவினார் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. அதன் நினைவாகப் பெரிய வியாழன் பூசையில் பங்குக் குருவான சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார்.

ஆலங்குடிக்குப் பக்கத்தில், முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊர்க் கோயிலில் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகளை வரிசையாகப் போடுவோம். முதல் நாற்காலிக்கு இராயப்பர் நாற்காலி என்று பெயர். இராயப்பர் என்பது பேதுருவுக்கு எங்கள் பக்கத்துப் பழைய பெயர். அது ஊரில் மூத்தவருக்கு உரியது. நான் ஓய்வு பெற்று, கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவைக்குச் செயலாளரான பிறகு, என்னை விட மூத்தவர்கள் இருந்தும், எப்படியோ அது எனக்கு வந்தது. வேண்டாம் என்று நான் சொன்னதில்லை.

அந்தப் பன்னிரண்டு பேரும் அன்று பிற்பகல் முழுக்கச் செய்கிற வேலை கால் கழுவுவதுதான். நகம் வெட்டுவார்கள். பித்தவெடிப்பில் தேங்காயெண்ணெய் தடவுவார்கள். சிலர் விரலிடுக்கில் பவுடர் போடுவார்கள். சாமியார் குனியும்போது பீடத்துப் பக்கம் சாம்பிராணியை மிஞ்சிக்கொண்டு சோப்பு வாசம் வரும்.

ஒரு வருஷம் சவரிமுத்து என்பவர் கடலைக் காட்டிலிருந்து மணிச் சத்தம் கேட்டு அப்படியே ஓடி வந்துவிட்டார். முழங்கால் வரை செம்மண். அவர் காலில் ஊற்றிய தண்ணீர் தாம்பாளத்தில் சிவப்பாக விழுந்தது. பெண்கள் பக்கம் சிரிப்பு. பூசை முடிந்ததும் நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினேன்.

"கோயில் மானம் போச்சுய்யா. காலைக் கழுவிட்டு வரணும்னு தெரியாதா?"

"வெரசா வந்துட்டேன் சார். தப்புத்தான்" என்றார் பாவம்.

அடுத்த வருஷம் அவர் காலும் பளபளத்தது. ஒரு மனிதனைத் திருத்திவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

நற்செய்தியில் அந்தச் சீடர்கள் வழிநடைப் புழுதியோடுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். காட்டிக்கொடுக்கப் போகிறவனும் அதே பந்தியில் இருந்தான். அவன் மனத்தில் இருப்பது தெரிந்தேதான் இயேசு அவன் காலையும் கையில் எடுத்தார். இதை நான் மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். நன்றாகவே நடத்துவேன். பிள்ளைகள் கண் கலங்குவார்கள்.

நான் சொன்ன இரண்டு பொய்கள்

என் மகன் பிரிட்டோ ஆலங்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். இளைஞனாக இருந்தபோது, பக்கத்து உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த மீனாவை விரும்பினான். அவள் திருமயம் பக்கத்துக் கிராமத்துப் பெண். இந்துக் குடும்பம்.

அவன் என்னை எதிர்த்துப் பேசவில்லை. ஓடிப்போகவும் இல்லை. என்னிடம் வந்து வழிதான் கேட்டான்.

"அப்பா, கோயில்ல வச்சே கட்டிக்கிறோம். அவ அவ சாமியக் கும்பிடட்டும். நான் நம்ம சாமியக் கும்பிடுறேன். அதுக்கு ஏதாச்சும் வழி இருக்காப்பா?"

வழி இருந்தது. எங்கள் பிஷப்பான ஆயரிடம் அனுமதி வாங்கினால், அவள் மதம் மாறாமலே கோயிலில் சாமியார் முன்னால் திருமணம் செய்யலாம். அது எனக்கு நன்றாகத் தெரியும். திருமணத்துக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தவனே நான்தான்.

"வழி இல்லப்பா. அவ ஞானஸ்நானம் வாங்கணும். இல்லாட்டிக் கோயில்ல நடக்காது. சாமியாரே மாட்டேன்னுட்டாரு" என்றேன்.

அது முதல் பொய். சில நாள் கழித்து அப்போதிருந்த பங்குச் சாமியார் தாமாகவே என்னைக் கூப்பிட்டு, "அனுமதிக்கு எழுதட்டுமா சார்?" என்று கேட்டார்.

"பொண்ணு வீட்டுல கோயிலுக்கே வர மாட்டோம்னுட்டாங்க சாமி" என்றேன். அது இரண்டாவது.

ஏன் செய்தேன்? வேறொரு வீட்டில் இதே போன்ற கல்யாணம் நடந்தபோது, விசுவாசம் போயிற்று என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசியவன் நான். இப்போது என் வீட்டிலேயே நடந்தால் என்ன முகத்தோடு இராயப்பர் நாற்காலியில் உட்காருவது? கதவு அடைத்திருக்கிறது என்று தெரிந்தால் பையன் திரும்பி வந்துவிடுவான் என்றும் நினைத்தேன்.

அவன் திரும்பவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் முடித்தார்கள். நான் போகவில்லை.

கோயிலில் நடக்காத கல்யாணம் என்பதால் அவன் நன்மை வாங்க முடியாது. நற்கருணை அப்பத்தைப் பெறுவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பான். எல்லோரும் வரிசையில் போகும்போது ஒதுங்கி வழிவிடுவான். என் மனைவி நன்மை வாங்கித் திரும்பும்போது ஒவ்வொரு முறையும் அந்தத் தூணைப் பார்த்துக்கொண்டே வருவாள். கேட்டால், "ஒண்ணுமில்லைங்க" என்பாள்.

பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது வேறொரு சாமியார் இந்தக் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தார். பொறுப்பாக முன்னின்று பதில் சொன்னவன் நான். பழைய பதிலையே சொன்னேன். படித்த மனிதன், பேரவைச் செயலாளர், பையனுக்கு அப்பா. என்னை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

பிறகு என் மனைவி படுக்கையில் விழுந்தாள். மகனும் மருமகளும் அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு வந்தார்கள். அவள் இறந்த பிறகும் என்னைத் தனியே விட்டுவிட்டுப் போகவில்லை.

சோப்புப் போட்ட பாவங்கள்

இத்தனைக்கும் நான் மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன். "கோபப்பட்டேன் சாமி. செபத்தில் பராக்காக இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி இல்லாததைப் பேசினேன்." தேய்த்துத் துடைத்து எடுத்து வைத்த பாவங்கள். சாமியாரும் மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார்.

விண்ணரசின் வாசலை மறித்துக்கொண்டு, தாமும் நுழையாமல் நுழைகிறவர்களையும் விடாமல் நிற்பவர்களை இயேசு கடிந்துகொள்ளும் பகுதி ஒன்று மத்தேயு நற்செய்தியில் இருக்கிறது. அதைப் பூசையில் வாசித்தால், தலையாட்டிக் கேட்டுக்கொண்டே ஊரில் யார் யாருக்கு அது பொருந்தும் என்று யோசிப்பேன்.

துவைக்கிற கல்லில் மீனா கேட்டுவிட்டுப் போனது இத்தனையையும் கிளறிவிட்டது.

வியாழன் மாலை

அன்று மாலை நாற்காலியில் உட்கார்ந்தேன். சாமியார் என் மகனை விட இளையவர், கலகலப்பானவர். என் காலைத் தாம்பாளத்துக்கு மேலே பிடித்துத் தண்ணீர் ஊற்றியவர், நிமிர்ந்து எனக்கு மட்டும் கேட்கும்படி, "எனக்கு வேலையே வைக்கலையே சார்" என்றார். துடைத்துவிட்டுக் குனிந்து பாதத்தில் முத்தமிட்டார். எதிரே, கடைசித் தூணுக்குப் பக்கத்தில் பிரிட்டோ நின்றுகொண்டிருந்தான்.

காணிக்கை கொடுக்கப் போகும் இடத்தில் சகோதரனோடு மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறார் இயேசு. நன்மை வாங்க வரிசை எழுந்தது. வரிசைக்கு முதல் ஆள் நான்தான். நான் எழவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கையால் இடித்தார். "சார், போங்க."

"நீங்க போங்க."

எனக்காக நின்ற வரிசை தயங்கி, பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஊரே பார்த்தது. சேலைத் தலைப்பு மறைவில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அப்போது தூணிலிருந்து என் மகன் விறுவிறுவென்று நடுப்பாதையில் நடந்து வந்தான். அந்த நேரத்தில் முன்னால் வருவதை எத்தனையோ வருஷமாகத் தவிர்த்தவன் அவன். என் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"என்னப்பா, சுகர் எறங்கிருச்சா? மயக்கமா வருதா?" சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துத் தாளைப் பிரித்தான். எனக்காக எப்போதும் பையில் வைத்திருப்பானாம். அன்றுதான் எனக்குத் தெரியும். "வாயத் தொறங்க."

எனக்குச் சர்க்கரை இறங்கவில்லை. இருந்தாலும் வாயைத் திறந்தேன். எல்லோரும் நன்மை வாங்கிய அந்த நேரத்தில் என் மகன் கொடுத்த மிட்டாயைச் சப்பிக்கொண்டு இராயப்பர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

தேங்காய்த் துருவல்

மறுநாள் பெரிய வெள்ளி. வழிபாடு முடிந்ததும் கோயிலில் கஞ்சி ஊற்றுவோம். எங்கள் தெருவுப் பெண்கள் ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொள்வார்கள். கோயிலுக்கு வராவிட்டாலும் மீனா வருஷா வருஷம் தேங்காய் துருவிக் கொடுப்பாள். காலையில் அரிவாள்மனையில் உட்கார்ந்து துருவிக்கொண்டிருந்தாள். பிரிட்டோ தரையில் மேசை விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"பிரிட்டோ, ஒரு விஷயம் சொல்லணும். மீனா, நீயும் கேளும்மா."

"சொல்லுங்க" என்றான், விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒங்க கல்யாணத்தைக் கோயில்லயே நடத்தியிருக்கலாம். மீனா மதம் மாறியிருக்க வேண்டியதில்லை. ஆயர்கிட்ட அனுமதி வாங்கினாப் போதும். அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் வழி இல்லைன்னேன்."

துருவுகிற சத்தம் நின்றது.

"சாமியார் மாட்டேன்னுட்டாருன்னு சொன்னீங்களே" என்றான் பிரிட்டோ.

"அவர்கிட்ட, பொண்ணு வீட்டுல மாட்டேன்னுட்டாங்கன்னு சொன்னேன்."

"எங்க வீட்டுலயா?" மீனா அரிவாள்மனையை விட்டு எழுந்துவிட்டாள். "எங்க வீட்டுல யாரு வந்து கேட்டா?"

"யாரும் கேக்கலம்மா."

அவள் குரல் தணிந்திருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"எங்கப்பா வரேன்னாரு மாமா. அங்கிட்டு அவுக சாமி, இங்கிட்டு நம்ம சாமி, நாலு பேரு பாக்கத் தாலி ஏறுனாச் சரின்னாரு. கோயில்ல வந்து நிக்கணும்னு புதுசா ஒரு பட்டு வேட்டி எடுத்து வச்சிருந்தாரு. ரிஜிஸ்டர் ஆபீசுன்னதும், ஓடிப்போனவ மாதிரி கட்டுறதுக்கு நான் எதுக்குன்னு வராமப் போயிட்டாரு. அந்த வேட்டிய அவரு செத்தப்பத்தான் பிரிச்சுக் கட்டிவிட்டோம்."

இது எனக்குத் தெரியாது. என் பொய் என் மகனை மட்டும்தான் தொட்டது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவள் அப்பாவின் முகத்தைக் கூட நான் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று பிரிட்டோ கேட்டான்.

"தெரியாது."

"தெரியாமலே போயிருச்சு." எழுந்து பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மீனா உட்கார்ந்து மீதித் தேங்காயைத் துருவி முடித்தாள். கோயிலுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள்; சொன்னபடி கொடுத்தனுப்பினாள். அன்று அவள் என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை சாமியாரிடம் போய் முழுவதையும் சொன்னேன்.

"இத்தனை வருஷம் ஏன் சார் சொல்லல?" என்றார்.

"பொய்னு தெரியும் சாமி. விசுவாசத்துக்காகச் சொன்ன பொய்னு அதுக்கு ஒரு பேர் வச்சிருந்தேன்."

அவர் பிரசங்கம் ஏதும் வைக்கவில்லை. மன்னிப்பு வழங்கும் செபத்தைச் சொல்லி முடித்தார். "ஆண்டவர் மன்னிச்சுட்டாரு சார். வீட்டுல உள்ளவங்களுக்கு நேரம் கொடுங்க. அவசரப்படுத்தாதீங்க" என்றார்.

அவள் போட்ட கண்டிஷன்

பிரிட்டோ வெள்ளி இரவே வீடு திரும்பிவிட்டான். உயிர்ப்பு ஞாயிறு வந்து போனது. வேளைக்குச் சோறு வந்தது. "சாப்பிட வாங்க மாமா" என்ற குரல் வரவில்லை. மாத்திரை, தண்ணீர் எல்லாம் மேசையில் இருக்கும். அந்த நாட்களில் ஒன்று புரிந்தது. இந்த வீட்டில் நான் இத்தனை காலம் உரிமையோடு சாப்பிட்டதாக நினைத்த ஒவ்வொரு வேளையும் இரக்கத்தில் வந்ததுதான். அது அவளுக்கே தெரியாமல் அவள் காட்டிய இரக்கம். இப்போது தெரிந்த பிறகும் தட்டு வருகிறது. கடவுளின் இரக்கத்தைப் பற்றி மேடையில் நிறையப் பேசியிருக்கிறேன். அந்தத் தட்டு அளவுக்கு எதுவும் எனக்கு அதை விளக்கியதில்லை.

ஒரு நாள் காலையில் காபியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அந்த அனுமதி இப்பவும் கெடைக்குமா?"

"கெடைக்கும்மா."

"நான் ஒங்க மதத்துக்கு வர மாட்டேன்."

"வர வேண்டாம்."

"இத்தனை வருஷம் தப்பா வாழ்ந்தோம்னு யாரும் எனக்குப் புத்தி சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டாங்க. தப்பு செஞ்சது நீங்க இல்லை."

"அவருக்காகத்தான் கேக்குறேன். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்தா ஒரு மாதிரியா இருப்பாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு." காலி டம்ளரைக் கையில் எடுத்தாள். "சாட்சிக்கு ரெண்டு பேரு வேணுமாமே. எம் பக்கத்துக்கு நீங்க நில்லுங்க. எங்கப்பா நிக்க வேண்டிய எடம் அது."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"என்ன, நிப்பீங்களா மாட்டீங்களா?"

"நிக்கிறேன்ம்மா."

"நல்ல வேட்டியாக் கட்டிக்கிட்டு வாங்க. காலைத் தேச்சுக்கிட்டு ஒக்காந்திராதீங்க."

பெண் வீட்டுக்காரன்

அனுமதி வர மழைக்காலம் தொடங்கிவிட்டது. ஒரு வாரநாள் மாலை, வழக்கமான பூசைக்குக் கொஞ்சம் முன்னால், பத்துப் பதினைந்து பேர் இருக்க அது நடந்தது. சாமியார் மீனாவைக் கிறிஸ்தவ வாசகம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. இவரைக் கணவராக ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார். "அது எப்பவோ ஏத்துக்கிட்டாச்சு" என்றாள். பிறகு சாமியாருக்காக, "ஏத்துக்கிறேன்" என்று திருத்தமாகச் சொன்னாள்.

கையெழுத்து நேரத்தில் கோயில்பிள்ளை, "பொண்ணு வீட்டு சாட்சி யாரு?" என்று கேட்டார். கோயிலைப் பார்த்துக்கொள்பவர் அவர். நான் முன்னால் வந்தேன்.

"சார், நீங்க மாப்பிள்ளைக்கு அப்பாவாச்சே?"

"இன்னைக்கு அவரு எங்க ஆளு" என்றாள் மீனா.

தொடர்ந்து பூசை. நன்மை வாங்க வரிசை எழுந்தது. பிரிட்டோ எனக்கு முன்னால் நின்றான். அவன் பின்கழுத்து வியர்த்திருந்தது. எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்று அவனுக்கு மறந்துபோய், மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். சாமியார் பொறுமையாகக் காத்திருந்தார். அவனுக்குப் பின்னால் நானும் வாங்கினேன்.

திரும்பி வந்து அவன் பெஞ்சில் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். மீனா அவன் பக்கம் சாய்ந்தாள். மெதுவாகப் பேச அவளுக்கு வராது.

"என்னங்க, எப்படி இருந்துச்சு?"

"சப்புனுதான் இருக்கும்" என்றான், முகத்தை எடுக்காமல். தோள் குலுங்கியது.

"இம்புட்டுதானா?" அவனையே பார்த்துக்கொண்டிருந்தவள், பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்த என் பக்கம் திரும்பினாள். "இதுக்கா மாமா அம்புட்டு வருஷம் இவரை வெளியில நிக்க வச்சீங்க?"

கோபம் இன்னும் போகவில்லை. அவள் கண்ணில் அது தெரிந்தது. போக வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் ஒதுங்கினாள்.

"சரி, எதுக்கு நின்னுக்கிட்டே இருக்கீங்க? எடம் இருக்கு, வந்து ஒக்காருங்க."

உட்கார்ந்தேன்.